பெட்டிக்குள் போன தொண்டை

அப்பாவின் குரலைப் பத்திரப்படுத்தப் போய்த்தான் சாஃப்ட்வேர் அதை அழித்தான்.

சும்மா விட்டிருந்தால் அது பாட்டுக்கு லேப்டாப்பில் ஒரு மூலையில் கிடந்திருக்கும். அன்றைக்கென்று பார்த்து அவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து குரல்வளையை எடுத்தாகிவிட்டது. இனி அந்தக் குரல் இருக்கும் ஒரே இடம் இந்தப் பழைய லேப்டாப். இதுவும் மண்டையைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, நண்பனிடம் காலி டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். லேப்டாப்பில் இருப்பதை அப்படியே டிஸ்க்குக்கு நகலெடுக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். ஒரு வரியில் எதிலிருந்து என்று சொல்ல வேண்டும், அடுத்த வரியில் எதற்கு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இரண்டாவது இடம் அச்சு அசலாக முதல் இடத்தைப் போல் ஆகிவிடும். முதலாவதில் இல்லாத எதையும் இரண்டாவதில் மிச்சம் வைக்காது. எவ்வளவு சுத்தமான வேலை என்று எழுதும்போதே தன்னை மெச்சிக்கொண்டான்.

வரிகளைத்தான் இடம் மாற்றிப் போட்டிருந்தான்.

காலி டிஸ்க் முன்மாதிரியாக நின்றது. அப்பாவின் ஃபோல்டர், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக, அதைப் பார்த்துத் தானும் காலியானது. 'பிழை ஏதுமின்றி முடிந்தது' என்று திரையில் வந்ததும் சாஃப்ட்வேர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் போட்டிருந்த ஓட்டை வழியாக மூச்சு மெல்லிய விசிலோடு போய் வந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதாவது அன்றைக்கு எல்லாவற்றிலும் ஒழுங்காக நடந்துகொண்டு, திரும்பி வந்து ஃபோல்டரைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். மூன்றாம் முறை திறக்கும்போது கொஞ்சம் மெதுவாகத் திறந்தான், உள்ளே இருப்பவற்றுக்கு வந்து சேர அவகாசம் கொடுப்பவனைப் போல.

சாஃப்ட்வேர் என்பது அப்பா வைத்த பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவன் கல்லூரியில் படிப்பது வணிகவியல். மார்க்கு வந்த அன்றே கம்ப்யூட்டர் படிப்பு அவனுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அதனால் அதை வீட்டில் வைத்துக் கற்றுக்கொண்டான். மாமா குப்பையில் போட இருந்த லேப்டாப் ஒன்று கைக்கு வந்தது. அதில் ஓர் எழுத்துக்குப் பட்டனே கிடையாது, கீழே இருக்கும் ரப்பர் மொட்டை விரலால் குத்த வேண்டும். ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போய்விடும். யாரோ ஒருவர் யாருக்கோ பாடம் நடத்தும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புரிந்ததை எழுதிப் பார்த்தான், புரியாததையும் எழுதிப் பார்த்தான். கிணற்றில் தவறி விழுந்தவன் நீச்சல் பழகிய கதைதான். கையைக் காலை உதைப்பான், மிதப்பான். எப்படி மிதந்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்படி மிதந்ததில் பல படைப்புகள் உருவாயின. சதுரங்கம் ஒன்று எழுதினான். அதில் ராஜா ஆபத்து வந்தால் பலகையை விட்டே வெளியேறிவிடுவார். அதைத் திருத்த முடியாமல், புத்தியுள்ள ராஜா அப்படித்தான் செய்வார் என்று சொல்லிவிட்டான். குழாயில் தண்ணீர் வரும் சத்தத்தைக் கேட்டு மணியடிக்கும் கருவி ஒன்று செய்தான். மேல்வீட்டுக்காரர் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் அது மணியடித்தது. கடைசியில் அவரே இறங்கி வந்து, எழுப்பிவிடுவதற்கு நன்றி, ஆனால் நான் ஏற்கெனவே விழித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எதுவும் முக்கால் கிணற்றைத் தாண்டியதில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த ஒரே ஆள் அப்பாதான். காய்கறிச் சந்தை விலையைப் போனில் காட்டும் புரோகிராமைப் பார்த்துவிட்டு, இது சொல்றதுக்குள்ள நான் ஒரு லாரியே வித்துடுவேனேடா என்றார். மறுநாள் சந்தை முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்பா ஏலக்காரர். மொத்தக் காய்கறிச் சந்தையில், ஒரு பழைய மரப்பெட்டிமேல் ஏறி நின்று சரக்கைக் கூவி விற்பவர். மைக் கிடையாது. வெங்காய மூட்டை, தக்காளிக் கூடை, உருளைக்கிழங்கு, எதுவானாலும் அவர் குரல் கூரைத் தகரத்தில் மோதித் தெருவுக்கு வந்துவிடும். விலை படிந்ததும், ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லித் தொடையில் படீர் படீரென்று தட்டுவார். மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் சரக்கு கைமாறிவிட்டது. அப்புறம் அழுதாலும் புரண்டாலும் அதற்கு மேல் பேச்சில்லை.

தொண்டை கரகரக்க ஆரம்பித்தபோது, கத்திக் கத்தி வந்தது என்றார்கள். அப்புறம் டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பாத்துக்கலாம், இப்ப எவ்வளவோ வசதி வந்துடுச்சு என்றார். பேச முடியுமா டாக்டர் என்று அம்மா கேட்டதற்கு, மொதல்ல உயிரப் பாப்போம்மா என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தக் குடும்பத்துக்கு யாரும் எதையும் உடைத்துச் சொன்னதில்லை.

சாஃப்ட்வேருக்குத்தான் யோசனை வந்தது. ஒருவருடைய குரலை நிறையப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு அவர் எழுத எழுத அதே குரலில் பேசும்படி ஒரு புரோகிராமுக்குப் பழக்கலாம் என்று படித்திருந்தான். அப்பா மறுநாளே சந்தையில் அறிவித்துவிட்டார், என் பையன் என் தொண்டையைப் பெட்டிக்குள்ள போடப்போறான் என்று. மண்டி முதலாளியும், பெட்டியோட வாங்க, ஒலிபெருக்கியில மாட்டிவிடலாம், உங்க எடம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

எதிரொலி வராமல் இருக்க, கட்டிலில் போர்வையைக் கூடாரம் போலக் கட்டி, அப்பாவும் மகனும் உள்ளே உட்கார்ந்தார்கள். சாஃப்ட்வேர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டான். படிப்பதற்கு அவனே வாக்கியங்கள் எழுதியிருந்தான். 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது' என்பது முதல் வாக்கியம். அப்பா அதைப் படித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"நான் என்னைக்குடா இப்படிப் பேசியிருக்கேன்? இதப் பேசுற பெட்டிய உங்கம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

அதற்கப்புறம் அவர் இஷ்டத்துக்குத்தான் பதிவு நடந்தது. போர்வைக்குள் இருந்தபடியே வீட்டை ஏலம் விட்டார். கால் ஆடும் நாற்காலி போயிற்று. சுவிட்ச் போட்டால் சத்தம் மட்டும் வரும் மின்விசிறி போயிற்று. மேல்வீட்டுக்காரரும் அவர் கழிவறையும் சேர்த்து ஒரே விலைக்குப் போனார்கள். அம்மா வெளியே இருந்து போர்வையில் ஒரு குத்து விட்டாள். வேர்த்து வழிந்தது. குரல் நாளுக்கு நாள் கிழிந்துகொண்டே வந்தது, ஆனாலும் அவர் விடவில்லை. கடைசியாக ஒருநாள் மகனையே ஏலத்துக்கு எடுத்தார்.

"பையன் ஒண்ணு இருக்குங்க. நல்ல உயரம். வேலை வெட்டி கெடையாது, ஆனா கரண்ட் இருந்தா ஓடும். யாரு கேக்குறீங்க?"

அங்கே இருமல் வந்துவிட்டது. சாஃப்ட்வேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க என்றான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, போர்வைக்குள் இல்லாத கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒருத்தரும் கேக்கலையா? சரி போ. நானே வச்சுக்குறேன்."

அதற்கு மட்டும் தரம் சொல்லவில்லை, தொடையிலும் தட்டவில்லை.

போனில் இடமில்லாததால், பதிந்ததை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்தார்கள். எல்லாம் அந்த ஒரே ஃபோல்டரில்தான் சேர்ந்தது. அவன் பழக்கிய பெட்டியும், அதாவது அந்தப் பேசும் புரோகிராமும், அதற்குள்ளேயேதான் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அது முதன்முதலாகத் 'தக்காளி' என்றது, தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுவது போல. அப்பாவுக்கு அது போதும். முக்கால் கிணற்றைத் தாண்டப்போகும் முதல் வேலை அதுதான் என்று சாஃப்ட்வேரும் நம்பினான்.

காலி ஃபோல்டரைப் பார்த்த அன்று அவன் வலைத்தளம் ஒன்றில் படித்தான். அழித்த பொருள் உடனே அழிவதில்லை. வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும்தான் கழற்றுவார்கள், ஆள் உள்ளேதான் இருப்பார் என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்ததும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அடுத்த பத்தியைப் படிக்கவில்லை. மீட்டுத் தரும் புரோகிராம் ஒன்றை இறக்கிப் போட்டான். அதற்கு ஒன்றும் சிக்கவில்லை. இன்னொன்றை இறக்கினான். அப்புறம் இன்னொன்று. அடுத்தவன் எழுதியது சரியில்லை என்று தானே ஒன்று எழுத உட்கார்ந்தான். அது லேப்டாப்பின் மூலை முடுக்கெல்லாம் நுழைந்து, குரல் மாதிரித் தெரிகிற எதையும் அள்ளி வந்து சேமித்தது. திறந்து கேட்டால் மழைச் சத்தம் மாதிரி ஓர் இரைச்சல். கல்லூரிக்குப் போகாமல் அந்த இரைச்சலையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டான். சில சமயம் அதற்குள் ஒரு 'யாரு' கேட்டது போல இருக்கும். மறுபடி போட்டால் இருக்காது.

கேள்வி பதில் தளத்தில் எழுதிக் கேட்டான். முதலில் வந்தவர், நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டார். நகல் எடுக்கும்போதுதான் போயிற்று என்று எழுதினான். அதற்கு அவர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். இரண்டாமவர், இதே கேள்வியை வேறொருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார் என்று சொல்லி அங்கே போகச் சொன்னார். போய்ப் பார்த்தால், அந்த வேறொருவருக்கும் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அம்மா அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சொல்லி முடித்ததும், அப்பாகிட்ட இப்ப சொல்லாத தம்பி, கொஞ்சம் தேறட்டும் என்றாள். போனா போகுது, மனுஷன் இருக்காருல்ல என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்கப் போகிறவள் போலப் போய், எரியாத அடுப்பின் முன்னால் நின்றாள்.

அப்பா ஒரு சிலேட்டுப் பலகையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள், அவருக்குக் காது போய்விட்டது போலச் சத்தம் போட்டுப் பேசினார்கள். அப்பா சிலேட்டில் 'மெதுவா, நான் ஏலக்காரன், நீ இல்ல' என்று எழுதிக் காட்டினார். அது ஒன்றுதான் அவரே சொன்னதாக வெளியே போயிற்று. மற்றதெல்லாம் அம்மா வழியாகத்தான் போகும். அவர் உதட்டை அசைத்துக் காரசாரமாக ஏதோ சொல்வார், அவர் என்ன சொல்றார்னா, வந்ததுல ரொம்ப சந்தோஷமாம் என்று அம்மா வழித்துத் துடைத்துக் கொடுப்பாள். கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் மகனைப் பார்ப்பார். தன் கழுத்தைத் தொட்டு, லேப்டாப்பைக் காட்டி, புருவத்தை உயர்த்துவார். ஆச்சா?

"ஆயிட்டே இருக்குப்பா," என்பான் சாஃப்ட்வேர்.

உடைத்துச் சொல்லாதவர்களின் கூட்டத்தில் அவனும் சேர்ந்து கொஞ்ச நாளாயிற்று.

வேறு வழியில்லாமல் லேப்டாப்பை ரிப்பேர்க்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, அதற்குள் வயிறு பிளந்த லேப்டாப்புகள். ரிப்பேர்க்காரர் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டியிருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, பாக்கலாம் தம்பி என்றார். அதற்கப்புறம் எப்போது போனாலும் பாத்துட்டே இருக்கேன் என்றார். பின்பு ஒரு சாயங்காலம் அவரே கூப்பிட்டார். திரையை அவன் பக்கம் திருப்பவில்லை. முதலில் ஸ்டூலைக் காட்டினார்.

"தம்பி, தொலைஞ்சதுக்கு அப்புறம் இதுல புதுசா ஏதாவது போட்டீங்களா?"

"தேடுறதுக்கு நாலஞ்சு புரோகிராம் போட்டேன். ஒண்ணு நானே எழுதினேன்."

"எங்க போட்டீங்க?"

"இதுலதான்."

"அது எடுத்துக் குடுத்ததெல்லாம் எங்க சேவ் பண்ணீங்க?"

"இதுலதான்," என்றான் சாஃப்ட்வேர். சொல்லும்போதே, படிக்காமல் விட்ட அந்த அடுத்த பத்தியில் என்ன இருந்திருக்கும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. பெயர்ப்பலகை இல்லாத வீட்டில் அப்பா உள்ளேதான் இருந்திருக்கிறார். இவன் அவரைத் தேடுகிறேன் பேர்வழி என்று ஆள்மேல் ஆளாகக் குடிவைத்து, ஒவ்வொரு அறையாக அவரை வெளியே தள்ளியிருக்கிறான். அழித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிச்சமிருந்ததை அழித்தது அதற்குப் பிறகு அவன் கண்ணும் கருத்துமாக உழைத்த நாட்களெல்லாம்.

ரிப்பேர்க்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். சில சமயம் இப்படி ஆகுங்க என்றார். பிறகு ஹெட்போனை நீட்டினார். ஒரே ஒரு துண்டு மட்டும் கெடாமல் கிடைத்ததாம்.

சாஃப்ட்வேர் அதைக் காதில் மாட்டிக்கொண்டான். முதலில் போர்வை உரசும் சத்தம். அப்புறம் ஒரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க."

அது அவனுடைய குரல். அதற்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அத்தோடு முடிந்துவிட்டது.

இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். செருமல்வரை வந்து நின்றது. அதற்கு மேல் என்ன வரவேண்டும் என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அவன் மண்டைக்குள் இருப்பதை எந்த ஒயரைச் செருகி வெளியே எடுப்பது?

மீதி வருமா வராதா என்று நேராகக் கேட்டான். ரிப்பேர்க்காரர் மேஜைமேல் இருந்த திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டார். அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது தம்பி, வேணும்னா வேற ஒரு முறையில பாக்கலாம் என்றார். நல்ல மனிதர்தான். இன்னும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

வீட்டுக்குச் சந்தை வழியாகத்தான் போக வேண்டும். அப்பாவின் மரப்பெட்டிமேல் புது ஆள் ஒருவர் கையில் மெகாபோனுடன் நின்று கத்திக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை, ஆனால் சரக்கு என்னவோ விற்றுக்கொண்டுதான் இருந்தது. மண்டி முதலாளி இவனைப் பார்த்துவிட்டு, என்ன சாஃப்ட்வேரு, பெட்டி ரெடியா என்று கேட்டார். சீக்கிரம்ங்க என்று இவன் வாய் சொல்லிற்று. பத்தடி நடந்த பிறகு நின்றான். திரும்பிப் போய், இல்லைங்க, அது போயிடுச்சு என்று சொல்ல நினைத்தான். முதலாளி அதற்குள் வேறு யாரோடோ பேச ஆரம்பித்திருந்தார். அவரிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மைதான், ஓடி ஒளிவதற்கும் வசதியாக இருந்தது.

அப்பா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சிலேட்டு. இவன் கையில் லேப்டாப்பைப் பார்த்ததும் கழுத்தைத் தொட்டு, லேப்டாப்பைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

சாஃப்ட்வேர் தரையில் உட்கார்ந்தான். முதலிலிருந்து சொன்னான். எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டு வரிகளைச் சொன்னான். டம்ளரைக் கழுவி வைத்ததைச் சொன்னான், அது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. தேடியதைச் சொன்னான், தேடித் தேடியே மிச்சத்தைத் தொலைத்ததையும் சொன்னான். லேப்டாப்புக்கு ஒயரைச் செருகி, திறந்து, அந்த ஒரு துண்டைப் போட்டுக் காட்டினான். அறையில் அவன் குரல் சிரித்தது, இன்னொரு தடவ சொல்லுங்க என்றது. அப்பா, தான் செருமியதைக் கேட்டார். அதற்கப்புறம் வர வேண்டியது வருமென்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கை தன்னையறியாமல் எழுந்து தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவதற்காக மேலே போன கை அப்படியே நின்றது. கழுத்து ஓட்டையில் மூச்சு விசிலடித்தது.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவருக்கு ஒண்ணும் கோவமில்ல தம்பி, வேணும்னேவா செஞ்ச, விடு, அவர் என்ன சொல்றார்னா என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதம்மா," என்றான் சாஃப்ட்வேர். "அவரே சொல்லட்டும்."

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டான்.

"என் மேல கோவமாப்பா?"

அப்பா சாக்பீஸை எடுத்தார். ஏதோ எழுதினார். நீளமாக இருந்தது. எழுதியதைப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் அழித்தார். மறுபடி எழுத ஆரம்பித்து, பாதியில் அதையும் அழித்தார். பலகை முழுக்க வெள்ளையாக ஈஷிக்கொண்டது. வேட்டி நுனியால் அதைச் சுத்தமாகத் துடைத்தார். அம்மா எட்டிப் பார்க்க இரண்டடி முன்னால் வந்தாள், படித்துச் சொல்வதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

அப்பா ஒரே ஒரு சொல் எழுதி, சிலேட்டைத் திருப்பி, மகனின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஆமா.